ரோல்ஸ் கொடுத்து வாங்கிய ஓரம்

எங்கள் குடும்பக் குழுப் படங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் நான் ஓரமாக, கரையில்தான் நிற்பேன். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், எதுவானாலும் சரி. படம் எடுக்க வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவின் குரல் வந்துவிடும்.

"நீ அந்தக் கரையில போய் நில்லு பிள்ளை. பின்னுக்கு நிக்கிறவையை மறைக்கிறாய்."

பதின்மூன்று வயதில் அப்பாவின் உயரத்தைத் தாண்டியவள் நான். உயரத்துக்கு ஏற்ற உடம்பும் இருந்தது. பாடசாலைப் படத்தில் பின்வரிசையின் கடைசி ஆள். நடன வகுப்பிலும் அப்படியே. இதற்காக நான் மனம் நொந்து அழுததெல்லாம் இல்லை. நில் என்ற இடத்தில் நிற்கிற ஆளாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது, யோசிக்கத் தேவையில்லை.

அதனால் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தில் பெண்களுக்கான அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் சேர்ந்தபோது, கோச் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மைதானத்தின் ஓரக் கோட்டருகே நிறுத்தியது எனக்கு அதிசயமாகவே படவில்லை. சிட்னியில் அந்த விளையாட்டை ஆடுகிறவர்களே கொஞ்சப்பேர். தலைக்கவசமும் தோளில் பெரிய காப்பும் போட்டுக்கொண்டு நாங்கள் போனால், ஏதோ நாடகத்துக்குப் போகிறோம் என்று ரயிலில் நினைப்பார்கள். ஒருத்தி பந்தை எறிவாள். ஓடிப்போய் அதைப் பிடிக்கிறவர்களை ரிசீவர் என்பார்கள். நான் வெளி ரிசீவர். நடுவில் எல்லோரும் நெருக்கியடித்து மோதிக்கொண்டிருக்க, நான் மட்டும் தள்ளி, ஓரக் கோட்டின் பக்கத்தில் தனியாக நிற்பேன். என்னை மறிக்கவென்றே எதிரணிப் பெண் ஒருத்தி எனக்கு முன்னால் நிற்பாள்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய்விட்டு, இரண்டு மடக்குக் கதிரைகளோடும் ஒரு பெட்டி ரோல்ஸோடும் அப்பாவும் அம்மாவும் நேரே மைதானத்துக்கு வருவார்கள். கோயில் நாளென்பதால் உள்ளே மரக்கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ். நான் நிற்கிற ஓரத்துக்கு நேரே கதிரையைப் போட்டால் மகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இடைவேளையில் அம்மா எனக்கு ஒன்று தருவார், என்னை மறிக்கிற எதிரணிப் பெண்ணுக்கும் ஒன்று தருவார். ஏனம்மா அவளுக்கு என்று கேட்டால், "அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே, எவ்வளவு நேரமா வெயிலுக்க நிக்குது" என்பார். சாப்பிட்ட தெம்பில் அவள் இரண்டாம் பாதியில் என்னை இன்னும் நன்றாக மறித்தாள்.

உண்மையைச் சொன்னால் நான் ஓரத்தில் எதையும் சாதிக்கவில்லை. மூன்று ஆட்டங்களில் ஒரேயொரு பந்து பிடித்தேன். அப்போதும் என் கால் கோட்டுக்கு வெளியே இருந்ததால் அது கணக்கில் வரவில்லை. ஓரத்தில் மறிக்கிறவர்கள் சின்ன உடம்புக்காரிகள், சுழன்று சுழன்று ஓடுவார்கள். நான் திரும்பி முடிப்பதற்குள் அவர்களின் கை பந்தில் இருக்கும்.

நான்காவது ஆட்டத்துக்கு முன் கோச் என்னைக் கூப்பிட்டு, இனி நீ ஸ்லொட் என்றார். ஓரத்தில் நிற்பவளுக்கும் நடுவில் மோதுகிற கூட்டத்துக்கும் இடையில் இருக்கிற இடம் அது. உள்ளே மறிக்கிறவர்கள் உன்னைவிட மெதுவானவர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் உன்னைவிடச் சின்னவர்களாக இருப்பார்கள், எப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு லாபம்தான் என்று விளக்கினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஓரத்துக்குக்கூட லாயக்கில்லாதவள் என்று சொல்லிவிட்டார் என்றே பட்டது.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. செவன் ஹில்ஸ் வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று, என்னை உள்ளுக்குத் தள்ளிவிட்டான் என்று புலம்பித் தீர்த்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீ என்ன பிழை விட்டனி?"

அம்மாவின் கணக்கில், கொடுத்த இடத்தை ஒருவர் மாற்றினால் அதற்குப் பின்னால் ஒரு பிழை இருக்க வேண்டும். நான் இல்லை என்றேன். அம்மா நம்பவில்லை, ஆனால் அதற்குமேல் கேட்கவுமில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் சில பயிற்சிகள் பெரும் பகிடி. நடுவுக்குள் ஒருத்தி என்னை நோக்கி ஓடிவந்தால், நான் மரியாதையாக விலகி 'சொறி' சொன்னேன். பழக்கதோஷம். மோதித் தடுக்க வேண்டியவளிடம் ஏன் மன்னிப்புக் கேட்கிறாய் என்று கோச் உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

பிறகு ஒரு பயிற்சியில், ஐந்து அடி எடுத்துவைத்து ஓடினேன். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. எங்கே போவதென்று தெரியாமல் அதற்குள் அப்படியே நின்றுவிட்டேன். நின்று திரும்பினால் பந்து நெஞ்சுக்கு நேரே வருகிறது. பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் என்மேல் தொங்கினார்கள். நான் விழவில்லை. அவர்களையும் இழுத்துக்கொண்டு இன்னும் மூன்று அடி நடந்தேன். கோச் தொப்பியைக் கழற்றி எறிந்தார். மற்றவர்களை மறைக்கிறது என்று இத்தனை வருடம் ஒதுக்கி வைத்த இந்த உடம்பு, முதன்முறையாக எனக்கு உதவியது. அன்று ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. அது எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. புலம்பியபோது வாய் நீண்டதே தவிர, சந்தோசத்தைச் சொல்ல வரவில்லை. அந்த இடைவெளிக்குள் அம்மா புகுந்துவிட்டார்.

எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஒரு குறை என்றால், ஆசிரியரிடம் வெறுங்கையோடு போகக் கூடாது. என் நடன ஆசிரியையிடம் அம்மா ஒருமுறை பயத்தம் பணியாரத்தோடு போய், என்னைக் கடைசி வரிசையிலிருந்து ஒரு வரிசை முன்னுக்குக் கொண்டுவந்தவர். படத்தில் என்னைக் கரைக்கு அனுப்புகிறவரும் அவர்தான், எனக்காகத் தூது போகிறவரும் அவர்தான். என்னை ஒதுக்கும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருப்பார்.

அந்த நான்காவது ஆட்டம்தான் பருவத்தின் கடைசி லீக் ஆட்டம். வென்றால் அரையிறுதி, தோற்றால் எல்லோரும் வீட்டுக்கு. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தால், கோச் கையில் ஒரு ரோல். பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி. அம்மா வந்து கதைத்ததாகவும், எனக்கு ஸ்லொட் இவ்வளவு கஷ்டமாக இருப்பதை நானே சொல்லியிருக்கலாம் என்றும், இன்றைக்கு ஓரத்துக்கே போகும்படியும் சொன்னார். நல்ல மனுசன். என் முகத்தைப் பார்த்துப் பாவம் என்றுகூட நினைத்திருப்பார். நான் என்ன செய்தேன்? சரி என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கரைக்கு நடந்தேன். கதிரையில் இருந்த அம்மா வெற்றிக் களிப்போடு கையசைத்தார். அம்மாமேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

அந்த ஆட்டம் முழுக்க நான் பார்வையாளர் மாதிரித்தான். ஒரு பந்தும் என் பக்கம் வரவில்லை. என் இடத்தில் நின்ற மெலிந்த பிள்ளையை எதிரணி விழுங்கிக்கொண்டிருந்தது. முடிவதற்கு இரண்டு நிமிடம் இருக்க, நாங்கள் நான்கு புள்ளி பின்னால். இந்த விளையாட்டில் நான்கு முயற்சிக்குள் பத்து யார்ட் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றவர்களிடம் போய்விடும். மூன்று முயற்சி முடிந்துவிட்டது. இன்னும் நான்கு யார்ட் வேண்டும். கோச் ஆட்டத்தை நிறுத்தி எங்களைக் கூட்டினார். நான் வட்டத்துக்கு வெளியே, வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால்.

அங்கிருந்துதான் என் குரல் வந்தது. எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. என்னை உள்ளே விடுங்கள், அது என் இடம் என்றேன். கோச் அம்மாவைப் பற்றி ஏதோ தொடங்கினார். ரோல்ஸ் தந்தது அம்மா, விளையாடுவது நான் என்றேன். வட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோச் கையால் உள்ளே காட்டினார். போ என்றார்.

ஐந்து அடி. இரண்டு பேருக்கு நடுவில் நின்றேன், திரும்பினேன், பந்து வந்தது. ஒருத்தி இடுப்பில், ஒருத்தி தோளில். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. முன்னால் சரிந்து விழுந்தபோது ஆறு யார்ட் தாண்டியிருந்தோம். இரண்டு முயற்சி கழித்து வேறொருத்தி கடைசிக் கோட்டைத் தாண்டினாள், அதற்கு ஆறு புள்ளி, நாங்கள் வென்றோம். அரையிறுதியில் படுதோல்வி, அதை விடுவோம்.

அந்தப் பந்தை நான் பிடித்ததை அம்மா கைபேசியில் எடுத்திருந்தார். அன்றே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டது. இன்றும் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். தொடக்கத்தில் வெறும் ஓரக் கோடும், எங்கள் ரோல்ஸ் சாப்பிட்ட எதிரணிப் பெண்ணும்தான் தெரிகிறார்கள். அம்மாவின் குரல் கேட்கிறது.

"எங்க இவள்? காணேல்லை."

"நடுவில நிக்கிறாள்," என்கிறார் அப்பா. எங்கள் வட்டம் கதிரைகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது, கைபேசியைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் கேட்கவில்லை.

"ஆர் அங்க விட்டது?"

"ஒருத்தரும் விடேல்லை. அவளாத்தான் கேட்டுப் போனவள்."

கைபேசி அவசரமாக நடுவுக்குத் திரும்புகிறது. அங்கே ஆட்டம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனின் அகன்ற முதுகு. அம்மா அவனிடம் பச்சைத் தமிழில் சொல்கிறார்.

"தம்பி, கொஞ்சம் கரைக்குப் போய் நில்லுங்கோ. என்ரை பிள்ளையை மறைக்கிறியள்."

அவனுக்கு என்ன விளங்கியதோ, விலகிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் நான் தெரிகிறேன்.