கத்தியில்லாத வைத்தியத்துக்குக் காத்திருந்த பத்து வாரம்

குளித்துவிட்டு வந்த என் மனைவி கலா, இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்படுவதாகச் சொன்னாள். வலி இல்லை. வேலூரிலிருந்து வந்து, நான் பெங்களூரு வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கத் தொடங்கிய நான்காவது வருடம் அது.

மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) பயாப்ஸியும் (திசுப் பரிசோதனை) முடிந்தன. முடிவு சொல்ல டாக்டர் கூப்பிட்ட அன்று கலாவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போனேன்.

"கேன்சர்தான் சார். ஆனா ஆரம்ப நிலை. கட்டியையும் சுத்தி கொஞ்சம் சதையையும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுத்தா போதும். லேட் பண்ணாதீங்க" என்றார். டாக்டர் கன்னடக்காரப் பெண்மணி, எங்களுக்காகத் தமிழில் பேசுவார்.

அறுக்காமல் குணப்படுத்த வழி உண்டா என்று அன்றே ஆபீஸ் கணினியில் தேடினேன். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி அல்ட்ராசவுண்டை (காதுக்குக் கேட்காத ஒலி அலைகள்) வெளியிலிருந்து கட்டியின் மேல் குவித்து, அந்தச் சூட்டிலேயே அதை அழிக்கிறார்களாம். கத்தி இல்லை, தழும்பு இல்லை. அப்போது அது வெளிநாடுகளில் ஆராய்ச்சி நிலையில்தான் இருந்தது. கட்டி முழுவதும் செத்ததா என்று பார்க்கப் பிறகு அறுவையும் செய்தார்கள் என்று அதே பக்கத்தில் போட்டிருந்தது. படித்தேன். கலாவிடம் சொல்லவில்லை.

"கேன்சராம். ஆனா ஆரம்பம்தான், பொறுத்துப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன். அழுதாள். பிறகு நம்பினாள்.

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு எழுதினேன். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது: இங்கே இடமில்லை, உங்கள் டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். மூன்றாவது இடத்துக்கும் எழுதினேன். எல்லாம் அவளுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் உடம்பு மாறிவிடுமே என்று பயந்தவன் நான்தான்.

பத்தாவது வாரம் கட்டி பெரிதாகியிருப்பதைக் கலாவே கண்டாள். மறுநாள் இருவரும் போனோம்.

"இத்தனை நாளா ஏன் வரல?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"நீங்கதானே மேடம் பொறுத்துப் பாக்கலாம்னு சொன்னீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். கலாவும் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்பை முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. அக்குளில் ஒரு நிணநீர்க் கணுவிலும் (கிருமிகளைத் தடுக்கும் சிறு முடிச்சு) புற்றுநோய் பரவியிருந்தது. கீமோதெரபி தொடங்கும் முன் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "உடனே செஞ்சிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம் சார். ஆகாமலும் இருந்திருக்கலாம்" என்றார்.

வீட்டில் கட்டு மாற்றுவது என் வேலை. சுவரைப் பார்த்துக்கொண்டே பிளாஸ்திரி ஒட்டினேன்.

"பாத்து ஒட்டுங்க. கோணலா இருக்கு" என்றாள் கலா.

பார்த்தேன். நான் நினைத்து நடுங்கியதுபோல் இல்லை. தைத்த ஒரு கோடு, அதைச் சுற்றிச் சிவந்த தோல். இதற்காகவா அவளிடம் பொய் சொன்னேன்? அழுதுவிட்டேன்.

"அழுதா ஈரமாயிடும். முதல்ல ஒட்டி முடிங்க" என்றாள்.

உங்கள் மனைவிக்கும் இந்த நோய் வந்திருந்தால், டாக்டர் சொன்னதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். உடம்பு அவளுடையது.

ஆறு வருடம் ஆகிறது. கலா நலமாக இருக்கிறாள். அவளுடைய இடது கை அவ்வப்போது வீங்கும் (நிணநீர் தேங்குவதால்), நான் நீவிவிடுகிறேன். பல்வலி என்று அவள் சொன்னால்கூட உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

"இப்ப என்ன அவசரம்?" என்று கேட்பாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன்.