இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே பத்தடி

இந்த ஊர் நகராட்சியில் எனக்குச் செடி எண்ணுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னபோது அம்மா, "ஏங்கண்ணு, அவிங்களுக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டார். கோயமுத்தூரில் சிவில் டிப்ளமோ படித்து, ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்த மகள் விமானம் ஏறி ஒஹையோவுக்குப் போய்ச் செடி எண்ணுகிறாள் என்பதை அவர் சூலூரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "கவர்மெண்ட் வேலை" என்று முடித்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை.

ஆனால் நான் எண்ணத்தான் செய்கிறேன். இங்கே ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். அதற்கு பஃபர் என்று பெயர். கடை என்றால் இத்தனை அடி, தொழிற்கூடம் என்றால் இன்னும் அதிகம். அதில் எத்தனை மரம், எத்தனை புதர் என்று கணக்கு உண்டு. நடும்போதே ஆள் உயரம் இருக்க வேண்டும், குளிர்காலத்திலும் இலை உதிராத வகையாக இருக்க வேண்டும், பட்டுப்போனால் அடுத்த பருவத்துக்குள் வேறு நட வேண்டும். பலகை வேலி போட்டால் அதன் வழவழப்பான பக்கம் அடுத்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். கட்டையும் ஆணியும் தெரிகிற பக்கம் வேலி போட்டவருக்கு. இந்தக் கடைசி விதியைப் படித்தபோதுதான் எனக்கு இந்த நாட்டின்மேல் முதன்முதலாக மரியாதை வந்தது. அந்த நிலத்தில் வண்டி நிறுத்தக்கூடாது, சாமான் போடக்கூடாது, துணி காயப்போடக்கூடாது. நான் பிளானைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கு உறைந்துபோகிற குளிரில், பிளான்படி எல்லாம் நிற்கிறதா என்று பார்த்து டிக் அடித்துவிட்டு வருவேன்.

என் மேலதிகாரி வால்ட்டர் நல்ல மனிதர். முதல் வாரம் என்னைக் காரில் கூட்டிப்போய் ஒரு பழைய பஃபரைக் காட்டினார். பைன் மரங்கள் சுவராக எழும்பி நின்றன. "அந்தப் பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அதுதான் விஷயம். நல்ல பஃபர் என்றால் பக்கத்தில் ஒருவர் இருப்பதே மறந்துபோக வேண்டும்" என்றார் பெருமையாக. நான் யோசிக்காமல், "அப்படியானால் யாராவது செத்துப்போனால் எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் என் மேசையில் ஓர் இரங்கல் அட்டை இருந்தது, அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு. என் குடும்பத்தில் யாரோ இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். இல்லை என்று விளக்க எனக்கு அப்போது ஆங்கிலம் போதவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நானும் கணவரும் குடியிருப்பது ஒட்டுவீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஒரு பெண்மணி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பஃபர் தேவையில்லை என்பது விதி. தேவையில்லைதான். அவருடைய சிவப்புக் காரையும், சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓடும் சத்தத்தையும் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. முகத்தை நேராகப் பார்த்ததில்லை. என் கணவருக்கு இது நிம்மதியாக இருக்கிறது. எனக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது மாதிரி ஓர் அரிப்பு.

சூலூரில் எங்கள் வீதியை வால்ட்டர் பார்த்தால் என்ன ஆவார் என்று அடிக்கடி நினைப்பேன். லேத் பட்டறை, கோழிக்கடை, டைப்ரைட்டிங் வகுப்பு, பிள்ளையார் கோயில், மாவு மில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். மேலே விமானப்படை விமானம் போனால் டைப்ரைட்டிங் வகுப்பே ஒரு வரி தப்பாக அடிக்கும். எங்கள் வீட்டை ஒட்டி அப்பா விட்டுப்போன ஒரு காலி இடம். அதன் மறுகரையில் சரசக்கா வீடு. சரசக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்தவர். அவருடைய வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். கட்டில் கிடந்த அறைக்கு ஒரே ஜன்னல். அது எங்கள் காலி இடத்தைப் பார்த்து இருந்தது.

அந்தக் காலி இடத்தில் தம்பி மயில்சாமி விசைத்தறிக் குடோன் கட்ட முடிவு செய்தான். எங்கள் பக்கத்தில் நிலத்தில் தண்ணீர் வற்றிப்போனவர்கள் எல்லோரும் தறி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இடம் எங்கள் இருவர் பேரிலும் இருந்ததால் பேங்கில் கடனுக்கு என் கையெழுத்தும் கேட்டார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். போய் இறங்கிய மறுநாள் காலையில் தம்பி என்னைக் கூட்டிப்போய்க் கடைக்கால் தோண்டுவதற்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினான். கோடு நேராகப் போய்ச் சரசக்கா வீட்டுச் சுவரை, அந்த ஜன்னலை ஒட்டி நின்றது. என் தலைக்குள் ஒஹையோவின் பஃபர் அட்டவணை தானாகத் திறந்துகொண்டது.

"எடம் இவ்வளவுதான்க்கா. சொவத்த ஒட்டிப் போட்டாத்தான் எட்டுத் தறி நிக்கும்" என்றான்.

"அந்த ஜன்னலுக்குள்ள ஒரு மனுசன் படுத்துக் கெடக்கறாரு. எட்டுத் தறி ஓடுனா அவரு என்ன ஆவாரு?"

"அதில்லைக்கா, நாஞ் சொல்றதக் கேளு. சரசக்காளும் நானும்..."

"அவங்க வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. அதான் நாங் கேக்கறேன். பத்தடி விடு. மரம் வை. அப்பறங் கையெழுத்துப் போடறேன்."

தம்பி என்னைப் பார்த்த பார்வை அக்காவைப் பார்க்கிற பார்வையாக இல்லை. மின்வாரிய அதிகாரி வந்து நின்றால் அப்படித்தான் பார்ப்பான். அன்று மாலையே கோட்டை அழித்துப் பத்தடி தள்ளிப் போட்டார்கள். எட்டுத் தறி ஆறாகிவிட்டது. அம்மா அன்று தம்பிக்கு மட்டும் ஒரு தோசை கூடப் போட்டார். நான் வடவள்ளிப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய் வேம்பும் புங்கனும் வாங்கி வந்து, அலுவலகப் படத்தில் இருக்கிற மாதிரி முன்னும் பின்னுமாக நட்டேன். வேலை முடிந்து கையைக் கழுவும்போது அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறவளால் ஒரு ஊருக்காவது பயன் உண்டு என்று நினைத்தேன்.

சரசக்கா வீட்டு ஜன்னல் அன்றிலிருந்து சாத்தியே கிடந்தது. நான் வந்ததிலிருந்து தினம் ஒருமுறை எட்டிப் பார்த்துப் போனவர் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு நானே போனேன். அவர் முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். அப்புறம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க மேல ஏதாச்சும் மனத்தாங்கலா கண்ணு?"

"ஏனுங்கக்கா அப்படிக் கேக்கறீங்க? மாமாவுக்குச் சத்தம் ஆகாதுன்னுதான் பத்தடி உடச் சொன்னேன்."

"சத்தம் எங்கதான் இல்லை. அந்தாண்ட வீதிலயும் தறி, இந்தாண்டயும் தறி. அவரு பாட்டுக்குத் தூங்கறாரு." கொஞ்ச நேரம் தேய்த்தார். "தம்பி என்ற ஊட்டுச் சொவத்த ஒட்டித்தான் குடோன் வருதுன்னு சொன்னாப்ல. தார் மிஷின உள்ற அந்த ரூம்லயே போட்டுக்கலாம்னு பேசியிருந்தோம். அவர் பக்கத்துலயே உக்காந்து தார் சுத்தி, ஜன்னல் வழியா எடுத்துக் குடுத்தாப் போதும். அவர உட்டுப்போட்டு நான் எந்த மில்லுக்குப் போறது, சொல்லு?"

தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய குச்சி. தறி ஓடுகிற வரைக்கும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். யாராவது சுற்றிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு ஜன்னலை நம்பித்தான் சரசக்கா இருந்திருக்கிறார். அவருக்கு வரவிருந்த ஒரே வேலைக்கு நடுவில் நான் வரிசையாக மரம் நட்டுவிட்டேன். மோரை மட்டும் குடித்து முடித்தேன்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற நாம் எல்லோருமே பெட்டியில் சாக்லேட்டோடு ஒரு சட்டத்தையும் கொண்டுபோகிறோம். சாக்லேட்டை வாங்கிக்கொள்பவர்கள் மரியாதைக்காகச் சட்டத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சண்டை போட்டேன், "ஏன்டா மொதல்லயே சொல்லல?" என்று. "எங்கக்கா சொல்ல உட்ட?" என்றான். அதற்குள் கடைக்கால் கான்கிரீட் இறுகிவிட்டது. தார் சுற்ற ஆளைக் குடோனுக்குள்ளேயே வைத்துக்கொள்வதென்று தம்பி முடிவு செய்திருந்தான். என் லீவும் முடிந்தது. கிளம்பும்போது சரசக்கா கார் வரைக்கும் வந்தார். "போயிட்டு வா கண்ணு. மரத்துக்கு நாந் தண்ணி ஊத்தறேன்" என்றார். அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒஹையோவுக்கு வந்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மரத்தை எண்ணும்போது பாதியில் கணக்கு விட்டுப்போகும். முதலில் இருந்து எண்ணுவேன். ஒவ்வொரு பைன் வரிசையிலும் அந்தப் பக்கம் யாராவது ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்களோ என்று விலக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கார்கள்தான் நின்றிருந்தன. ஒரு கடைக்காரர், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். எண்ணுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்துத் தம்பி தபாலில் ஒரு புகைப்படம் அனுப்பினான். குடோன் சுவரில், சரசக்காவின் ஜன்னலுக்கு நேர் எதிரே, புதிதாக ஒரு ஜன்னல் உடைத்திருந்தான். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே, என் மரங்களுக்கு ஊடாக, ஒரு கம்பி. கம்பியில் கப்பி. கப்பியில் ஒரு மூங்கில் கூடை. குடோன் பக்கம் கயிற்றை இழுத்தால் சுற்றிய தார் போகும்; சரசக்கா பக்கம் இழுத்தால் வெறுங்குச்சியும் புது நூலும் வரும். கூடைக்கு வழி விட்டு வேம்பின் கிளைகளைக் கழித்திருந்தார்கள். போனில் கூப்பிட்டேன். "உன்ற பத்தடியத் தாண்டிப்போட்டோம்க்கா" என்றான் தம்பி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

படத்தை வால்ட்டரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "பஃபருக்குள் கட்டுமானம் எதுவும் கூடாது. ஆனால் கூடை ஓடிக்கொண்டிருக்கும்வரை அது கட்டுமானமா என்பது சந்தேகம்தான். நின்றுவிட்டால் யோசிக்க வேண்டும்" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கூடை நிற்கவில்லை. சரசக்கா அந்தக் கூடையை வைத்துத்தான் வீட்டுக்காரரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அவர் போய்ச்சேர்ந்த பிறகும் சரசக்கா தார் சுற்றுகிறார். இதைச் சொல்லி முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் போன வருடத்திலிருந்து சரசக்காவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. தார் மிஷின் காதோரம், அதற்குப் பத்தடியில் ஆறு தறி. தம்பியிடம் கேட்டால், "வயசாச்சில்லக்கா" என்கிறான். அவருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. பத்தடிக்குப் பதில் இருபதடி கேட்டிருக்க வேண்டுமா, ஒன்றுமே கேட்காமல் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நின்று பார்த்தாகிவிட்டது. எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கத்துக்காரர் சொல்வது சரியாகத்தான் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். அங்கே மாலை, எனக்குக் காலை. அப்போதுதான் கூப்பிடுவேன். போன வாரம் சரசக்கா எங்கள் வீட்டில் இருந்தார். அம்மா போனை அவரிடம் கொடுத்துவிட்டார்.

"கண்ணு, நல்லா இருக்கறயா?"

"நல்லா இருக்கறேனுங்கக்கா."

"என்ன?"

இன்னும் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் சத்தமாக. "எப்ப வாரே?" என்றார். அடுத்த வருசம் என்று கத்தினேன். மரமெல்லாம் கூரைக்கு மேலே போய்விட்டது என்றார். "மாமாவப் பாக்கக் கடைசியில வர முடியாமப் போச்சுங்கக்கா" என்று தொண்டை கிழியச் சொன்னேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்ல முடிந்தது. சொல்லும்போது அழுதுவிட்டேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு, சுருள் வயரை எட்டுகிறவரை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். வீட்டு உடுப்பில், காலில் செருப்பில்லாமல், நரைத்த முடியோடு ஒரு பெண்மணி நின்றார். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார்.

வயர் அதற்கு மேல் வராது. ஒரு காதில் சரசக்கா, "யாரு கண்ணு அது, யாரு வந்திருக்கறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த நாட்டுக்கு வந்து ஒருநாளும் எனக்குத் தேவைப்படாத ஒரு சொல்லை, அவருக்குக் கேட்கிற மாதிரி, என்னால் முடிந்த மட்டும் உரக்கச் சொன்னேன்.

"பக்கத்து ஊட்டுக்காரங்கங்கக்கா."