உடை மாற்றும் இருட்டு

விமான நிலையத்தில் யசோதரா தூங்கிவிட்டாள். அத்தை மங்கையின் தோளில், வாயைத் திறந்தபடி, ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல். "எய்ப்பட்டுமா?" என்று மங்கை கேட்டாள். வேண்டாம் என்று யசோதராவின் அம்மா கார்குழலி தலையாட்டினாள். எழுப்பினால் குழந்தை அழும். குழந்தை அழுதால் இவளால் போக முடியாது. குனிந்து செருப்பை எடுத்து அந்தச் சின்னக் காலில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். மூன்றரை வயதுப் பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது, அந்த வருஷம் முழுக்கத் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டு நின்றது.

கார்குழலி வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா லோகநாதன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேதியியல் படித்து, மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டும் எழிலனைக் கட்டிக்கொண்டு மாத்தூருக்குக் குடிவந்தாள். மாடியில் இவர்கள், கீழ்வீட்டில் எழிலனின் அக்கா மங்கை. மங்கைக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். பிள்ளையும் இல்லை. யசோதரா பிறந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அவள் ஒருத்திதான் பிள்ளை.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தபோது கார்குழலி தயங்கினாள். எழிலன்தான் பிடித்துத் தள்ளினான். "ஒரு வருஷம் இன்னா பெரிய வருஷம்? கண்ண மூடித் தொறந்தா பூடும். நா கீறேன், அக்கா கீது. நம்ம ஏரியா காத்துல இன்னா கீதுன்னு நீ படிச்சிகினு வா."

அப்படித்தான் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹல் என்ற துறைமுக ஊருக்கு, காற்று மாசு பற்றிப் படிக்கப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பிற்பகல் ஆனால் மாத்தூரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அதுதான் பேசும் நேரம். முதல் மாதங்களில் யசோதரா போன் திரைக்கே முத்தம் கொடுத்தாள். போன் முழுக்கச் சோற்றுப் பருக்கை. குளிர்காலம் போவதற்குள் அது குறைந்தது. திரையில் முகம் வரும், உடனே நழுவி ஓடும். "அப்பறம் பேசலாம்மா, பொம்ம டிவி வந்துடுச்சி" என்று குரல் மட்டும் கேட்கும். காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கார்குழலி போனை வைப்பாள்.

வகுப்புகள் முடிந்து, ஆய்வேடு எழுதும் மாதங்கள் வந்தன. கூடத் தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். மிஞ்சியது ஷிஜி மட்டும். தெற்கத்திக் குடும்பம், அவள் அப்பாவுக்கு யானைக்கவுனியில் பாத்திர மொத்த வியாபாரம். சென்னையில் இருந்தவரை ஒருத்தியை ஒருத்தி பார்த்ததில்லை. இங்கே வந்து ஒரே அடுப்பில் சமைத்தார்கள்.

"அக்கா, இப்படியே சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்றாள் ஷிஜி ஒருநாள். "நாடக விழாவுக்கு ஆள் கேக்காங்க. சம்பளம் கிடையாது. மத்தியானம் சாண்ட்விச் தருவாங்க. வாங்க."

ஷிஜியை டிக்கெட் கிழிக்கும் இடத்தில் போட்டார்கள். கார்குழலிக்கு உடை அறை. அங்கே தலைவி மோரீன் என்ற அறுபது வயதுக்காரி. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. இஸ்திரி போடுவது, பிரிந்த தையலைத் தைப்பது, வியர்வைச் சட்டைகளை அலசிக் காயப்போடுவது என்று வேலை ஓடியது. மூன்றாம் நாள் மோரீன் அவளை மேடையின் பக்கவாட்டுக்குக் கூட்டிப் போனாள். கறுப்புத் திரைகளுக்கு நடுவே ஆள் ஒளியும் அளவுக்கு ஓர் இடம்.

நாடகத்தில் ரூத் என்ற நடிகை, கல்யாணமான புதிதில் கணவனைக் கடலுக்கு அனுப்பிவைக்கும் பெண்ணாக வருவாள். அடுத்த காட்சியில் அவள் விதவை. நடுவே மேடையில் மாலுமிகள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அது முடிவதற்குள் நீல கவுனைக் கழற்றிக் கறுப்புப் பாவாடையும் கோட்டும் மாட்டிவிட வேண்டும். விளக்குப் போடக் கூடாது, பேசக் கூடாது.

கார்குழலி அங்கே நின்ற முதல் நாள், பாட்டு தொடங்கியதும் ரூத் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. கவுன் கீழே விழுந்தது. கார்குழலி முட்டி போட்டு உட்கார்ந்து பாவாடையை வட்டமாக விரித்துப் பிடித்தாள். இருட்டில் தடுமாறாமல் இருக்க ரூத் அவள் தலைமேல் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு மறு கால்.

யசோதரா இப்படித்தான். காலையில் ஜட்டி போடும்போது அம்மாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள். வலிக்கும். 'வுடுடி' என்று இவள் கத்துவாள். இங்கே தலையில் இருந்தது வளர்ந்த பெண்ணின் கை, வேற்று நாட்டுக்காரியின் கை. ஆனால் கனம் அதே கனம். கோட்டுப் பொத்தான்களை விரல் போட்டது, கண்ணிலிருந்து நீர் இறங்கியது. பாட்டு முடிந்தது, ரூத் வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு கார்குழலி ஒரு காட்சியையும் விடவில்லை. பகல் காட்சி இருக்கும் நாட்களில் பேசும் நேரம் தவறியது. வெளியே வந்து பார்த்தால் எழிலனின் அழைப்புகள் வரிசையாக நிற்கும்.

"கொயந்த போன வெச்சிகினே ஒக்காந்துனு இருந்துச்சி. அப்டியே தூங்கிச்சி" என்றான் எழிலன். கோபப்படுகிறவன் இல்லை அவன். அதனால்தான் அது குத்தியது. "நீ படிக்கத்தான போன? இது இன்னா வேல, துட்டும் இல்லாத?"

"தெர்லபா. அங்க போனா மனசு கொஞ்சம் அடங்குது."

யாரோ ஒருத்தி தலையில் கை வைப்பதற்காகப் போகிறேன் என்று கட்டினவனிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள், பகல் காட்சிக்கு இனி வரமாட்டேன் என்று மோரீனிடம் சொல்லி, போனில் குழந்தையின் படத்தைக் காட்டினாள். மோரீன் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, காட்சிக்கு அரைமணி முன்னால் இங்கிருந்தே கூப்பிட்டுப் பேசு, பிள்ளை இதையெல்லாம் பார்க்கட்டும் என்றாள்.

அன்று உடை அறையே திரையில் தெரிந்தது. தொங்கும் கவுன்கள், செம்பட்டைப் பொய்முடி, பாதி மேக்கப்போடு கையசைக்கும் ரூத். யசோதரா இந்த முறை ஓடவில்லை.

"நீ துணிக்கடைல வேல செய்றியா?"

அந்தப் பக்கம் எழிலன் சிரித்தான், இந்தப் பக்கம் கார்குழலி சிரித்தாள். குழந்தை சட்டென்று திரும்பி, "அம்மா, இங்க வந்து பாரேன், எவ்ளோ டிரெஸ்ஸு!" என்று கூப்பிட்டாள்.

வந்தது மங்கை. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஏய், நா அத்தடி. அம்மா அதோ போன்ல கீது பாரு. குழலி, நா சொல்லித் தர்ல, சத்தியமா. பக்கத்து வூட்டுப் பசங்கோ கூப்புடுறத பாத்துட்டு..."

"பரவால்ல அண்ணி. இருக்கட்டும்."

காட்சிக்கு மணி அடித்தது. அன்று இருட்டில் ரூத் ஒரு பொத்தான் போடாமலே மேடைக்குப் போனாள். யாரும் கவனிக்கவில்லை.

விழா முடிந்து உடைகளைப் பெட்டியில் அடுக்கும்போது, படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் தங்க அனுமதி உண்டே, இங்கேயே இருக்கலாமே, நல்ல கைகள் உனக்கு என்றாள் மோரீன். ஷிஜி இருந்துகொண்டாள். கார்குழலி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுச் செப்டம்பரில் ஊர் திரும்பினாள்.

யசோதரா மங்கையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கார்குழலி வாரி எடுக்கவில்லை. பிள்ளை தானாக வரட்டும் என்று விட்டாள். சில நாள் மங்கையின் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள், வெங்காயம் உரித்தாள், துணி மடித்தாள். குழந்தை முதலில் அவள் பெட்டியிடம் வந்தது, பிறகு வளையலிடம், பிறகு மடிக்கு. மழை பிடிப்பதற்குள் மாடியில் வந்து தூங்கத் தொடங்கியது.

கார்குழலிக்கு எண்ணூர்ப் பக்கம் காற்றை அளக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஒரு சாயங்காலம் கருவேப்பிலை கேட்டுக் கீழ்வீட்டுக்கு இறங்கினாள். மங்கை தரையில் உட்கார்ந்து யசோதராவின் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் மேல எட்த்துனு பூடு. இங்க இன்னாத்துக்கு?"

"இங்கயே இருக்கட்டும் அண்ணி."

மங்கை நிமிரவில்லை. "ஒரு வருஷமா பக்கத்துல பட்த்துனு இருந்துச்சி. இப்ப தூக்கத்துல கை தானா தேடுது குழலி. பைத்தியக்காரி மாரி எய்ந்து ஒக்காந்துக்குறேன்."

கார்குழலி பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தேடல் இன்னதென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி மங்கையின் அலமாரியில் அடுக்கினாள். மங்கை தடுக்கவில்லை.

அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் யசோதரா கீழ்வீட்டில்தான் படுக்கிறாள். அந்த நாட்களில் மாடியில் கார்குழலிக்குத் தூக்கம் சீக்கிரம் வராது. இறங்கிப் போய் ஒருமுறை எட்டிப் பார்க்கலாமா என்றிருக்கும். போகமாட்டாள்.