எல்லம்மா விளாவும் தண்ணீர்

ஜோகுபாளையத்து எல்லம்மா பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் வேலையில் இறங்கியது 1991 ஜூன் மாதம். 2002 டிசம்பருக்குள் நூற்றுப் பதினான்கு குழந்தைகள் அவள் காலில் படுத்துக் குளித்திருந்தன. அவற்றில் இரட்டையர் மூன்று ஜோடி. ஒன்றுக்குக்கூட மூக்கில் தண்ணீர் ஏறியதில்லை.

அவளுடைய முறை மாறாது. அகன்ற பாத்திரத்தில் முதலில் மூன்று சொம்பு பச்சைத் தண்ணீர். அதன்மேல் கொதிக்கிற வெந்நீர் ஒரு சொம்பு. இதை மாற்றி ஊற்ற யாரையும் விடமாட்டாள்.

"வெந்நீர மொதல்ல ஊத்தி வெச்சுட்டு, யாரோ கூப்ட்டாங்கன்னு எழுந்து போயிட்டா? பச்சத்தண்ணி மட்டும் இருந்தா ஜலதோஷம். வெந்நீர் மட்டும் இருந்தா கொல."

விளாவிய தண்ணீரில் கையை விட்டுப் பார்ப்பாள். பிறகு முதல் சொம்பைத் தன் முழங்காலிலேயே ஊற்றிக்கொள்வாள். காய்ந்த காலில் படுத்தால் குழந்தை திடுக்கிடும். நனைந்து இதமான காலில் படுத்தால் தாயின் வயிறு என்று நினைத்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

இந்திரா நகரில் கஸ்தூரிரங்கன் வீட்டுக்கு அவள் வரத் தொடங்கியது 2002 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. கஸ்தூரிரங்கன் வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மகள் சௌம்யா தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை ரித்விக் அப்போது பதினொரு நாள் பிள்ளை.

எல்லம்மா விளாவி முடித்ததும் கஸ்தூரிரங்கன் குனிந்து ஒரு தெர்மாமீட்டரை அதில் விடுவார்.

"முப்பத்தெட்டு. நேத்திக்கும் முப்பத்தெட்டு. எப்படிம்மா எல்லம்மா?"

"உங்க குச்சி ஒரே நம்பர்ல மாட்டிக்கிச்சி போல சாமி. ரிப்பேருக்குக் குடுங்க."

அவர் அதை ரசித்துச் சிரிப்பார். அவளுக்கு மட்டும் சிரிப்பு உள்ளே இறங்காது. ஏனென்றால், அவள் கைக்குச் சூடு தெரிவது நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

தீபாவளியன்று வடைச் சட்டியைத் துணி பிடிக்காமல் இறக்கிவிட்டாள். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. சர்க்கரை, நரம்பு என்று என்னவோ சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்று என்ற சொம்புக் கணக்கையே நம்பி விளாவினாள். கையை விடுவது பார்ப்பவர்களுக்காக. விஷயம் வெளியே தெரிந்தால் எந்தத் தாய் குழந்தையைக் கொடுப்பாள்? அவளுக்குத் தெரிந்த வேலையும் இது ஒன்றுதான்.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிவிட்டு வந்தவளை சௌம்யா கட்டிலருகே அழைத்தாள். மெத்தையில் படம் போட்ட சீட்டுகள் பரப்பியிருந்தன.

"இது டாரோ கார்டு எல்லம்மா, கிளி ஜோசியச் சீட்டு மாதிரி. காலைல ஒண்ணு எடுத்துப் பார்ப்பேன். இன்னிக்கு வந்தது இவ."

படத்தில் சிறகு முளைத்த ஒருத்தி ஒரு காலை ஓடையிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்து நின்றாள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தண்ணீரைச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்குத் தண்ணி விளாவுறா," என்றாள் எல்லம்மா உடனே.

"அதான் அர்த்தமே! ரெண்டு எதிரெதிர் விஷயத்தைப் பக்குவமா கலக்கறது. எந்தப் பக்கமும் ஒரேயடியா சாயாம நிக்கறது. ஏப்ரல்ல எனக்கு லீவு முடிஞ்சு ஆபீஸ் போகணும். அது ஒரு கிண்ணம், இவன் ஒரு கிண்ணம். எப்படிக் கலக்கப் போறேனோ, பயமா இருக்கு."

"அதெல்லாம் வந்துடும் கண்ணு. ஆனா இவ இப்டி சரிச்சி ஊத்துனா பாதி கீழ போவும். றெக்கை வேற நனையும்." படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "கால வுட்டுச் சூடு பாக்குறா, கெட்டிக்காரி. அது சரி, குழந்தை எங்க?"

"குழந்தை கிடையாது எல்லம்மா."

"அப்ப யாருக்கு விளாவுறா?"

சௌம்யா சிரித்த சிரிப்பில் ரித்விக் விழித்துக்கொண்டான்.

ஜனவரி 22, புதன்கிழமை. நல்ல குளிர். எல்லம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று கஸ்தூரிரங்கன் தானே பக்கெட்டை நிரப்பி வைத்தார். பச்சைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே என்று கீஸர் குழாயைத் திறந்து வெதுவெதுப்பாகப் பிடித்திருந்தார். அதைச் சொல்வதற்குள் வாசலில் கேஸ் சிலிண்டர்க்காரன் மணி அடித்தான், எழுந்து போய்விட்டார்.

எல்லம்மா அந்தப் பக்கெட்டிலிருந்து மூன்று சொம்பு ஊற்றினாள். மேலே வெந்நீர் ஒரு சொம்பு. கையை விட்டாள். எடுத்தாள். சௌம்யாவிடமிருந்து குழந்தையை இடக்கையில் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல முதல் சொம்பை முழங்காலில் ஊற்றினாள்.

"ஐயோ!"

முழங்காலுக்கு உணர்ச்சி போகவில்லை. குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அவள் அலறியதில் கஸ்தூரிரங்கன் ஓடிவந்தார். தெர்மாமீட்டரை விட்டார். நாற்பத்தேழரை.

"அபசாரம், அபசாரம்! பக்கெட்ல கீஸர் தண்ணி பிடிச்சது நான்தான். குளிர்றதேன்னு... என் தப்பு எல்லம்மா. உன் மேல ஒண்ணுமில்லை."

அவரே பழியை ஏற்றுக்கொண்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எல்லம்மா சிவந்த முழங்காலைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"இல்ல சாமி. நீங்க எத வேணா புடிச்சு வெப்பீங்க. கைய வுட்டுப் பாக்க வேண்டியவ நானு. பாத்தேன். தெரியல."

"என்ன தெரியல?"

"சூடு. தீவாளிலேந்தே தெரியல."

சௌம்யா குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "முப்பத்திரண்டு நாளா வரேள்! ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியா கண்ணு?"

சௌம்யா குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். எல்லம்மா மணையைக் கழுவிச் சாய்த்து வைத்தாள். புடவை ஈரம் சொட்ட ஜோகுபாளையத்துக்கு நடந்தாள்.

மறுநாள் அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஒன்பதரை மணிக்கு ஒரு ஆட்டோ சந்து முனையில் நின்றது. கஸ்தூரிரங்கன் இறங்கினார்.

"கிளம்பும்மா. காலைல சௌம்யா குளிப்பாட்டிப் பார்த்தா. அவன் வழுக்கறான், இவ அழறா, நான் சோப்பைத் தேடறேன். பாதி சோப்போட துண்டுல சுத்தி வெச்சிருக்கோம்."

போனபோது சௌம்யா நைட்டியின் கையை முட்டிக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரத்தின் அருகே உட்கார்ந்திருந்தாள்.

"நேத்திக்கெல்லாம் கோவம் எனக்கு. ராத்திரி அப்பா ஒண்ணுதான் கேட்டார். 'என் தப்புன்னு நான் சொன்னப்போ அவ பேசாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?'ன்னார்." முழங்கையைத் தண்ணீரில் விட்டாள். "சூடு பார்க்கறது என் வேலை. மத்ததெல்லாம் உங்க வேலை. இன்னும் கொஞ்சம் வெந்நீர்... போதும், போதும்."

அதன்பிறகு எல்லம்மா எந்தப் புது வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "எங்கைக்குச் சூடு தெரியாது. பெத்தவ கைய வுட்டுச் சொன்னாத்தான் ஊத்துவேன்." 2005 நவம்பர் வரை அப்படிச் சொன்னது பதின்மூன்று வீடுகளில். இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள். பதினொரு வீட்டில் தாய்மார் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த நவம்பரில் சௌம்யாவுக்குப் பெண் பிறந்தது. முதல் குளியலன்று முழங்கையைத் தண்ணீரில் விட்டபடியே சௌம்யா கேட்டாள்: "அந்தச் சிறகுக்காரி ஞாபகம் இருக்கா? கார்டு இன்னும் என் பீரோல இருக்கு."

"இல்லாம என்ன? மூணு வருசமா யோசிச்சிட்டுதான் இருக்கேன்," என்றாள் எல்லம்மா, குழந்தையைக் காலில் கிடத்திக்கொண்டே. "அவ ஒருத்தியாவே விளாவுறா, ஒருத்தியாவே சூடும் பாத்துக்குறா. அதான் அவளை நம்பி ஒரு குழந்தையையும் யாரும் குடுக்கல. உம், தண்ணி எப்படி இருக்கு, சொல்லு."