பூநகரி வயலில் ஒரு வலை

நில அளவை படித்தவள் நான். எதையும் பட்டியல் போட்டுத்தான் தொடங்குவேன். வல்வெட்டித்துறையில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில், பூமியில் ஓர் இடத்தைக் குறிக்கும் அகலக்கோடும் நெடுங்கோடும் படிப்பிக்கப் போனபோதும் ஒரு பட்டியல் இருந்தது. ஒன்று, கோடுகள். இரண்டு, ‘அறுபது கலை ஒரு பாகை’ என்ற வரைவிலக்கணம். மூன்று, தசம எண்களைப் போனில் போட்டு வான்படத்தில் இடத்தைக் கண்டுபிடித்தல். இரண்டாவதை ஒரு வரியாகப் பலகையில் எழுதிவிட்டு மூன்றுக்கு ஓடிவிட்டேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்த கிழமை ஆளுக்கோர் உண்மையான இடத்தின் எண்களோடு வரச் சொன்னேன். கோயில், தேவாலயம், மைதானம், நோர்வேயில் மாமா வீடு. புரொஜெக்டர் வழியாக ஒவ்வொன்றாகச் சுவரில் விழ, பிள்ளைகள் கூரைகளை அடையாளம் சொல்லிக் கத்தினார்கள். கடைசியாக, மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி துண்டுக் கடதாசியோடு வந்தாள். அவளுடைய அப்பாவின் கையெழுத்து: 9.50.400, 80.24.300.

“என்ன இடம்?”

“அப்பா வலை விட்ட இடம், ரீச்சர்.”

இரண்டாவது புள்ளியை விட்டுவிட்டு 9.50400, 80.24300 என்று அவளே தட்டினாள். சுவரில் பூநகரிப் பக்கத்து வயல்கள் விரிந்தன.

“எடியேய், உன்ரை கொப்பர் வயலுக்கையோ வலை விட்டவர்?”

“நெத்தலி விதைச்சிருப்பார்!” என்றாள் இன்னொருத்தி.

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“பகிடி விடாதேங்கோ. படகு ஜிபிஎஸ்ஸுக்குள்ளை தண்ணி பூந்திட்டுது. வலை கிடக்கிற இடம் காட்டுற கொடியையும் காணேல்லை. ரெண்டு நாளாத் தேடுறார். எங்களிட்டை இருக்கிறது அந்த ஒரு வலைதான்.”

சிரிப்பு நின்றது. கடதாசியை வாங்கிப் பார்த்தேன்.

“இந்த ஐம்பதை அப்பா என்னெண்டு சொல்லுவார்?”

“மினிற் எண்டு.”

அந்த மினிற்றும் நான் ஒரு வரியில் கடந்துபோன கலையும் ஒன்றுதான். பிழை என்னுடையது என்று வகுப்பிடம் சொன்னேன். முதல் புள்ளிக்கு முன்னால் இருப்பது பாகை, பின்னால் இருப்பது கலை. ஐம்பது தசம் நான்கை அறுபதால் வகுத்தோம்: 0.84. இருபத்துநான்கு தசம் மூன்றையும் வகுத்தோம்: 0.405. நெத்தலிப் பகிடி விட்டவள்தான் முதலில் விடை சொன்னாள். 9.84, 80.405 என்று தட்டியதும் சுவர் முழுக்க நீலம். பருத்தித்துறைக்குக் கிழக்கே, கரையிலிருந்து நன்றாகத் தள்ளி. பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புள்ளியை அவளுடைய போனில் சேமித்துக் கொடுத்தேன். கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் போன் இடத்தைக் காட்டும் என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. நீரோட்டம் வலையை இழுத்திருந்தால்? வீட்டுக்குப் போய் அந்த இரண்டு வகுத்தலையும் மறுபடி செய்துபார்த்தேன்.

அடுத்த சனி அவள் முன்வாங்கில் இருந்தாள்.

“கிடைச்சது ரீச்சர். கொளுக்கி போட்டு இழுத்தவர். ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு. இப்ப கரையிலை இருந்து பொத்துறார்.”

பிறகு மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா கேட்டவர், வயலுக்கை நெத்தலி விளைஞ்சிட்டுதோ எண்டு.”