வரிசையில் மாமனார்

புது வருஷத்துக்கு நான் இரண்டு தீர்மானங்கள் எடுத்தேன். ஒன்று, வீட்டில் வெள்ளை அரிசியை நிறுத்துவது. மாமனாருக்குச் சர்க்கரை கூடியிருந்ததால் இனிமேல் சாமையும் வரகும்தான் என்று அறிவித்துவிட்டேன். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இலவசமாக மதியச் சாப்பாடு போடும் குழுவில் சேர்ந்து வேலை செய்வது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது தோன்றவில்லை.

குழுவை நடத்துபவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார். "வரிசைல நிக்கிறவங்கள யாரு, எதுக்கு வந்தீங்கன்னு கேக்கக் கூடாது. தட்ட நீட்டினா போடணும். அவ்ளோதான்." எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு. சாம்பார் சாத அண்டாவுக்குப் பின்னால் நின்று, குனிந்த தலை நிமிராமல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாக்குமட்டைத் தட்டு நீண்டது. அதைப் பிடித்திருந்த கையில், என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நாங்கள் போட்ட வாட்ச் இருந்தது. நிமிர்ந்தேன். மாமனார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியவர் மாதிரி நின்றார்.

"மாமா, இங்க இன்னா பண்றீங்க?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வரிசைல நிக்கிறேன்," என்றார். "உருளக்கெழங்கு கொஞ்சம் தாராளமா வையி."

பின்னால் பூக்கூடையோடு நின்ற அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பெரியவருக்குப் போடும்மா, இன்னா கேள்வி கேக்கற? ஏன் தாத்தா, வீட்ல மருமவ சோறு போடறதில்லியா?"

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், "மருமவதாம்மா போடறா," என்றார்.

"எங்க போடறா? போட்டிருந்தா நீ ஏன் இங்க வந்து நிக்கிற?"

வரிசையில் இன்னும் சிலர் அந்த மருமகளைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் சாபமே கொடுத்தார். யாரோ எவரோ என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, மாமனார் கேட்டபடியே உருளைக்கிழங்கை அள்ளி வைத்தேன். டீச்சர் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை போடும் எண்ணத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். காலையில் ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போன சாமைச் சோறு அப்படியே இருந்தது.

"டாக்டர் இன்னா சொன்னாரு மாமா? தெரிஞ்சவங்க பாத்தா என்னப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "எம் புள்ள ஞாயித்துக்கெழமயும் கடைக்குப் பூடறான். நீ ஊருக்கே பரிமாறப் போற. எனக்கு ஹாட்பாக்ஸ் பரிமாறுது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அங்கன்னா பக்கத்துல ஒருத்தன் ஒக்காந்து, இன்னாபா உப்பு கம்மியா இருக்குதுன்னு பேசறான்."

ஹாட்பாக்ஸைத் திறந்து அந்தச் சாமையை நானே சாப்பிட்டேன். விழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், வேலைக்குப் புதிதாக ஒரு ஆள் என்று டீச்சரிடம் நிறுத்தினேன். டீச்சர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விதிப்படி எதுவும் கேட்கவில்லை.

மாமனார் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கரண்டியை அவரிடம் கொடுக்கப் பயந்து, வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். "முன்னாடி போ, முன்னாடி போ, எடம் இருக்குது பாரு" என்று அவர் குரல் கொடுத்ததில் ஜனங்கள் தாமாகவே நெருங்கி நின்றார்கள். ஒரு ஞாயிறு அமாவாசையாக அமைந்து, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டில் நெரிந்தது. பாதிப் பேர் அவரிடம் வந்தது பஸ் எப்போது என்று கேட்க. இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லி அவர்களையும் சாப்பிட உட்காரவைத்துவிட்டார். பஸ் போய்விட்டது. திட்டியவர்களிடம், "அடுத்த வண்டி காலியா வரும், ஒக்காந்து போலாம்," என்றார். அதுவும் நிரம்பித்தான் வந்தது.

கூட்டம் கலைந்ததும் நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவருக்கு டப்பாவில் வரகுச் சோறு. நான் பக்கத்தில் இருக்கும்வரை ஒழுங்காகச் சாப்பிடுவார். நான் கை கழுவப் போனதும், அண்டாவின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்கும். நான் இன்னும் கொஞ்ச நேரம் கை கழுவிவிட்டுத்தான் திரும்புவேன்.