கண்ணாடியை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது

எங்கள் தெருமுனை சலூனில் ஒரு கைக்கண்ணாடி இருக்கிறது. முடிவெட்டி முடிந்ததும் மாஸ்டர் அதை நம் தலைக்குப் பின்னால் பிடிப்பார். எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் நம் பிடரி தெரியும். பிடரி மட்டும்தான். அதற்கு மேலே நாலு விரல் தூக்கினால் பல பேருடைய நிம்மதி போய்விடும் என்பது மாஸ்டரின் கொள்கை.

மாஸ்டர் நல்ல உயரம். நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். பார்ப்பவர்கள் ரொம்பப் பணிவான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள். பணிவாவது, கிணிவாவது! நம் உடம்பில் நமக்கே தெரியாத பகுதிக்கெல்லாம் தான்தான் அதிகாரி என்ற நினைப்பு அவருக்கு. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. என் உச்சந்தலையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அவர் மாதம் தவறாமல் பார்க்கிறார். அங்கே நிலவரம் எப்படி என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்" என்பார்.

எல்லாருக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் வருவார். அவர் உச்சியில் ஒரு சாஸர் அளவுக்குப் பளபளவென்று இருக்கும். காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சிலிருந்து நாங்கள் எல்லாரும் பார்ப்போம். அவர் மட்டும் பார்க்க மாட்டார். "பின்னாடி அடர்த்தியாத்தான் இருக்கு, இல்ல மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். அவர் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்து நாங்கள் சிரிப்போம். கையால் தடவிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கிறீர்களா? தெரிய வேண்டாம் என்று முடிவெடுத்தவன் கை அந்தப் பக்கமே போகாது.

கடையின் இரண்டாவது நாற்காலியில் மாஸ்டரின் மச்சான் வேலை செய்கிறார். மனைவியின் தம்பி. தொழில் கற்றுக்கொடுத்தபோதே மாஸ்டர் அவருக்கு உபதேசமும் செய்திருந்தார். "முன்னாடி இருக்கறத அவங்களே பாத்துக்குவாங்க. பின்னாடி என்ன இருந்தாலும் வாயத் திறக்காத. வர்றவன் சந்தோஷமாப் போகணும்." மச்சான் அக்கா பேச்சைக்கூடச் சில சமயம் தட்டுவார், மாமா பேச்சைத் தட்ட மாட்டார்.

மாஸ்டருக்கு முடிவெட்டுவதும் இந்த மச்சான்தான்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். மாஸ்டரின் உச்சியிலும் முடி போய்க்கொண்டிருந்தது. மச்சான் பக்கத்து முடியை நீளமாக விட்டு, மேலே இழுத்துப் படிய வாரி, அழகாக மூடிவிடுவார். பிறகு கைக்கண்ணாடியைப் பிடரிக்கு நேரே பிடித்து, "ஃபர்ஸ்ட் கிளாஸ் மாமா" என்பார். ஊருக்கெல்லாம் தான் செய்யும் வேலையைத் தனக்கும் ஒருவன் செய்வான் என்று மாஸ்டருக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரர்.

சொட்டையோடு விஷயம் முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வாரிய முடிக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி வந்திருந்தது. அது வளர்ந்தது. சீப்பு பட்டால் சுருக்கென்றது. மாஸ்டர் சீப்பை மாற்றினார்.

ஒருநாள் காலையில் தலையணை உறையைக் கழற்றிய மனைவி, அதில் ரத்தக் கறையைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"கொசுவா இருக்கும்."

"இவ்வளவு ரத்தம் குடிச்ச கொசு பறந்தா போச்சு? உக்காருங்க கீழ."

அந்த அம்மா மாஸ்டரின் தோளுக்குத்தான் வருவார். புருஷனின் உச்சந்தலையை அவர் பார்க்க வேண்டுமென்றால் இப்படி மிரட்டித் தரையில் உட்கார வைத்தால்தான் உண்டு. முடியை விலக்கிப் பார்த்தவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

மச்சானையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார், மனைவி தம்பியைப் பார்த்தார். தம்பி மெல்ல, "போன வருஷம் கடுகு மாதிரி இருந்துச்சு. அப்புறம் மிளகு. இப்பத்தான் கொஞ்சம் பெரிசா..." என்றார்.

"நீங்க யாரு?"

"இவருக்கு முடி வெட்டறவன்."

"பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?"

"கஸ்டமர்கிட்ட அதெல்லாம் சொல்லக்கூடாதுன்னு மாமாதான்..."

அக்கா அங்கேயே தம்பியை அடிக்கக் கை ஓங்கினாராம். இதை மச்சானே பிறகு கடையில் சொல்லி அழுதார். அக்கா கை ஓங்கியதற்கான அழுகை இல்லை அது. மாமா செத்துப்போய்விடுவாரோ என்ற பயம்.

கட்டியை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை மாஸ்டர் தலையில் கட்டோடு கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பெஞ்சில் இருந்த எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பேங்க் மேனேஜர்கூட அடர்த்தியைப் பற்றிக் கேட்காமல் போனார்.

முடிவு வந்தது. கெட்ட கட்டிதான், ஆனால் பரவவில்லை, வேரோடு எடுத்தாயிற்று. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கதையே வேறு என்று டாக்டர் சொன்னாராம்.

தையல் பிரித்த பிறகு மாஸ்டர் கடைக்கு வந்து, மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் பழக்க தோஷத்தில் கைக்கண்ணாடியைப் பிடரிக்கு நேரே பிடித்தார்.

"மேல தூக்கு."

"வேணாம் மாமா."

"தூக்குடா!"

மாஸ்டர் தன் உச்சந்தலையைப் பார்த்தார். நடுவில் தழும்பு. சுற்றிலும், பேங்க் மேனேஜரே ஆறுதல் அடையும்படியான வெட்டவெளி. வாரி மூடியிருந்த முடியை ஆஸ்பத்திரியில் மழித்திருந்தார்கள். தழும்பைப் பற்றி மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"முடி எப்படா போச்சு?"

"அது ஆச்சு மாமா, அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம் ஆன சமயத்துலேருந்தே."

 மாஸ்டர் மச்சானின் கையைப் பிடித்து, "இனிமே யாரு தலையா இருந்தாலும் மேல தூக்கிக் காட்டணும். நானும் காட்டறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் திருந்திவிட்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தது என் முறை. வெட்டி முடித்து, துண்டை உதறி, மாஸ்டர் கைக்கண்ணாடியை எடுத்தார். பிடரியில் நிறுத்தவில்லை. தூக்கினார்.

பெரிய கண்ணாடியில் யாரோ ஒருவருடைய சொட்டை தெரிந்தது. பாவம், யாரோ என்று நினைத்துத் தலையை அசைத்தேன். சொட்டையும் அசைந்தது. பின்னால் பெஞ்சில் இருந்த ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. பேங்க் மேனேஜர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார், பேப்பர் மட்டும் குலுங்கியது.

"மாஸ்டர், கட்டி கிட்டி எதுவும் இல்லையே?"

"நல்லாப் பாத்துட்டேன் சார். சுத்தமா இருக்கு. முடிதான் இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

"அப்ப கண்ணாடியைக் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றேன்.